வெயிட்

தமிழில் எழுதிப் பழகினால் இதுதான் வம்பு.
வெயிட் என்றால் எடை.
வெயிட் என்றாலும் பொறு.
எடைமேடைக் கூண்டுக்குள் இரவு ஷிப்ட் பார்க்கிறவளுக்கு
இரண்டும் ஒன்றுதான்.
லோரி ஏறும், சிவப்பு எண்கள் துள்ளும்,
அடங்கும்வரை வெயிட்.
அடங்கியதும் வெயிட்.

பகாவ் பாசார் மாலாமில்
மூன்று ரிங்கிட்டுக்கு வாங்கிய பயிற்சி நூல்.
யாரோ ஒரு பிள்ளை பாதி விடைகளைப்
பென்சிலில் தப்பாக நிரப்பிவிட்டுப்
பள்ளி முடித்துப் போயிருக்கிறது.
அதன் தப்புகளை அழித்துவிட்டு
என் தப்புகளை எழுதுகிறேன்,
முப்பத்தொன்பது வயதில்.

பக்கம் பதினெட்டு: எண்ண முடிந்தவை, எண்ண முடியாதவை.
குலையை எண்ணலாம், எண்ணெயை முடியாது.
லோரியை எண்ணலாம், மழையை முடியாது.
பணத்தையும் எண்ண முடியாதாம்.
ரஃபிகுலிடம் சொன்னேன்.
மாதாமாதம் சிட்டகாங்குக்கு அனுப்புகிறவன்
செம்பனைக் குலையில் குத்திய கொக்கியை அப்படியே விட்டுவிட்டுச்
சிரித்தான். புத்தகம் தப்பு, அக்கா.

எங்களுக்கு நடுவில் இருப்பது உடைந்த மலாய்.
அதில் காலம் சுலபம், ஒரு சுடா போட்டால் முடிந்தது.
சுடா மக்கான், சுடா திடோர்.
ஆங்கிலத்தில் முடிந்தும் முடியாத ஒன்று இருக்கிறது.
ஐ ஹேவ் லிவ்ட் ஹியர்.
அவனுக்கு விளக்க வரவில்லை.
எனக்கு மட்டும் சொல்லிக்கொண்டேன்:
வசித்துவருகிறேன்.
மனு எழுதும்போது மட்டும் நாம் எடுக்கிற சொல்.

யூ என்பதைத் தனியாகப் பழகினேன்.
நீயும் அதற்குள், நீங்களும் அதற்குள்.
மானேஜர் ஹஃபிஸுக்கும் யூ,
கூண்டு வாசலில் படுத்திருக்கும் நாய்க்கும் யூ.
நாயிடம்தான் முதலில் சொல்லிப் பார்த்தேன்.
வாலை ஆட்டியது.

வெள்ளிக்கிழமை நோட்டீஸ் ஒட்டினார்கள்,
லயத்துச் சுவரில், கடை முன்னால், கோயில் கேட்டில்.
தி ஹவுசஸ் வில் பி டிமாலிஷ்ட்.
படிக்கிறவள் என்று என்னிடம் வந்தார்கள்.
வீடுகள் இடிக்கப்படும், என்றேன்.
யாரு இடிப்பா? என்றாள் புஷ்பலீலா,
இடுப்பில் பிள்ளையை மாற்றிக்கொண்டு.
மறுபடி படித்தேன்.
வாக்கியத்தில் ஆள் இல்லை.

பக்கம் நாற்பத்தொன்று:
செய்தவர் யாரென்று தெரியாவிட்டால்,
அல்லது முக்கியமில்லாவிட்டால்,
விட்டுவிடலாம்.
அந்தப் பக்கத்தில் பிள்ளையின் விடைகள் எல்லாம் சரி.

நம் மொழியிலாவது படு என்று சேர்க்கிறோம்.
இடிக்கப்படும், அறிவிக்கப்படும், அகற்றப்படும்.
யாரோ ஒருத்தர் படப்போவது
சொல்லுக்குள்ளேயே கிடக்கும்.
அவர்கள் ஒரு பி போட்டு முடித்துவிடுகிறார்கள்.

திங்கள் காலை, ஷிப்ட் முடிந்த கண்ணோடு
ஆபீஸ் கண்ணாடிக் கதவைத் தள்ளினேன்.
வழியெல்லாம் வாய்க்குள் உருட்டிய நீள வாக்கியம்
ஏசிக் குளிரில் உதிர்ந்து
இரண்டு சொல்தான் மிஞ்சியது.
பை ஹூ?

அவர் மலாய்க்குத் தயாராக இருந்தவர்.
நிமிர்ந்து, கனிவாகத்தான், திருத்தினார்.
பை ஹூம்.

கடைசியில் ஒரு ம்.
கேட்டதற்குக் கிடைத்தது அவ்வளவுதான்.
நம் வீட்டில் ஹூம் என்றால் பெருமூச்சு.
அதை விடவில்லை நான், நெஞ்சிலேயே வைத்துக்கொண்டு
யூ டெல் மீ, என்றேன்.
நாய்க்குச் சொன்ன அதே யூ.

அவர் பேனாவை எடுத்தார், வைத்தார்,
ஃபோனை எடுத்தார், வைத்தார்.
வெளி நாற்காலியைக் காட்டி
ப்ளீஸ் வெயிட், என்றார்.

உட்காரவில்லை.
லோரி ஏறியதும் பார்ப்பதுபோல
அவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்,
எண்கள் அடங்கட்டும் என்று.